'காலி நிலம்' என்று எழுதுவதற்கு முன்

(தார் பாலைவனத்துக்குச் சோலார் வேலைக்குக் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

ஆஃபர் லெட்டர் வந்திருக்கும். மன்னார்குடியிலிருந்து பகத் கி கோட்டி போகிற ரயிலில் டிக்கெட் போட்டாயிற்றா என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு முன்னால் போன சீனியர்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் உப்பு, மே மாதம் காற்றே அனலாக அடிக்கும், டிசம்பரில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது, ரசப்பொடி இரண்டு கிலோவாவது எடுத்துக்கொண்டு வா. எல்லாம் உண்மை. ரசப்பொடி விஷயம் ரொம்பவே உண்மை.

அவர்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பலோதி, பிகானேர் பக்கம் ஆறு வருடம் சைட்டில் இருந்தேன். சர்வேயில் ஆரம்பித்து பைலிங், ஸ்ட்ரக்சர், கடைசியில் ஸ்விட்ச்யார்டு வரை பார்த்தாயிற்று. என் தங்கை கல்யாணம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. அதனால் சோலாரே வேண்டாம் என்று கொடி பிடிக்கிற ஆளாக என்னை நினைக்க வேண்டாம். நிலக்கரி எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் போன முதல் வாரத்தில் நான் செய்த தப்பை நீங்களும் செய்யப்போகிறீர்கள். அது உங்கள் சர்வே ஷீட்டில், 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் காத்திருக்கிறது.

நான் அதில் எழுதியது இது: 'காலி. அங்கங்கே புதர்.'

எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை, கையில் ஒரு கோல். எழுபது வயதிருக்கும். பக்கத்து டாணியில் இருப்பவர். வயலுக்கு நடுவே நாலைந்து வீடாகச் சேர்ந்திருப்பதை அங்கே டாணி என்பார்கள். ஊரில் எல்லோரும் அவரைக் 'காகா' என்று கூப்பிட்டார்கள், சித்தப்பா என்று அர்த்தம். நம் பையன்கள் அதைக் காக்கா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், முதல் மாதம் மட்டும்.

"என்ன எழுதறே பேட்டா?" என்று கேட்டார். என் இந்தி அப்போது அரைகுறை. ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, அவர்களுக்கும் காலி என்றால் காலிதான். "காலி ஜமீன்" என்றேன்.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "யாரு காலி பண்ணாங்க?" என்றார்.

அப்புறம் என்னை நடத்திக்கொண்டு போனார். நிலம் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியை வெயிலில் அப்படியே விட்டுவிட்டு நானும் போனேன். இருநூறு அடி தள்ளி, மிளகைக் கொட்டிக் குவித்தது போல் கறுப்புப் புழுக்கைக் குவியல் ஒன்று. மேலே ஈரம் காயாதது, அடியில் வெளுத்துப் பொடிந்தது. சிங்காரா மான் தினமும் வந்து ஒரே இடத்தில்தான் போடுமாம். "இது அவன் ஆஃபீஸ். வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறான்" என்றார். கொஞ்சம் தள்ளி மண்ணில் ஒரு வளை. வாய் மண்ணால் அடைத்திருந்தது. உள்ளே சாண்டா இருக்கிறது, முள்வால் கொண்ட ஒரு வகை உடும்பு போன்ற பிராணி, உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்ளும், வெயில் ஏறினால் திறக்கும் என்றார். ஒரு மரத்தடியில் நாலு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. மேல்மண் கொதிக்கும், அடிமண் குளிர்ச்சியாக இருக்கும், மத்தியானம் பெட்டை மான் குட்டியோடு வந்து அதில் படுக்கும். அந்த மரத்தின் கீழ்க்கிளைகள் ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒட்டகத்தின் வாய் எட்டுகிற உயரம் அது.

நான் 'புதர்' என்று எழுதியதில் அந்த மரமும் சேர்த்தி.

அதன் பெயர் கேஜ்ரி. ராஜஸ்தானின் மாநில மரம். ஊருக்கு லீவில் வந்தபோது எதேச்சையாகத்தான் தெரிந்தது, அது நம் வன்னி மரம். எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலின் தல விருட்சமே வன்னி. சின்ன வயதிலிருந்து அதைச் சுற்றி ஓடியிருக்கிறேன். அந்தக் கோயில் திருப்பணியின்போது விபசித்து முனிவர் வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலையைக் கொடுப்பாராம், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறுமாம். பாட்டி சொன்ன கதை. பலோதியில் அதே இலைக்கு 'லூங்' என்று பெயர். குளிர்காலத்தில் கிளை கழித்து, இலையை உலர்த்தி, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வைத்திருக்கிறார்கள். காய் 'சாங்ரி', காயவைத்தால் வருடம் முழுக்கக் குழம்புக்கு ஆகும். அதன் நிழலில் கம்பு வாடுவதில்லை, மற்ற இடத்தைவிட நன்றாகவே விளைகிறது. 1899-1900இல் வந்த பெரும் பஞ்சத்தை அங்கே 'சப்பனியா' என்று இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது விக்ரம ஆண்டு 1956, சப்பன் என்றால் ஐம்பத்தாறு. கேஜ்ரியின் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று உயிர் பிழைத்தவர்களின் பேரன் பேத்திகளோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது. இலை பொன்னாகிற கதை விருத்தாசலத்தில் கதைதான், அங்கே அது வீட்டுக் கணக்கு.

காகா பிஷ்னோய் சமூகத்தவர். இந்தப் பெயரைக் கைபேசியில் தேடினால் இப்போதெல்லாம் சிறையில் இருக்கும் ஒரு தாதாவின் படம்தான் முதலில் வருகிறது. அவனை வைத்து ஒரு சமூகத்தை எடைபோடுவதானால் நம் ஊர்ச் சாதி எதுவும் தேறாது, அதை அதோடு விடுங்கள்.

1451இல் நாகௌர் பக்கம் பீபாசரில் பிறந்த ஜாம்போஜி, 1485இல் பிகானேர் அருகே சம்ராதல் என்ற மணல்மேட்டில் தொடங்கிய வழி இது. இருபத்தொன்பது நியமங்கள். பீஸ் என்றால் இருபது, நௌ என்றால் ஒன்பது, அதுதான் பிஷ்னோய் என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். பஞ்சத்தில் மக்கள் மரத்தை வெட்டி விற்றும் மானை அடித்துத் தின்றும் கடைசியில் ஊரையே விட்டுப் போனதைப் பார்த்துத்தான் அவர் இதைச் சொன்னார் என்கிறார்கள். பச்சை மரத்தை வெட்டாதே, உயிர்களிடம் இரக்கம் வை என்பவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிற நியமங்கள். எனக்குப் பிடித்தது வேறு. விறகையும் வரட்டியையும் அடுப்பில் வைப்பதற்கு முன் பூச்சி எறும்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். காகா வீட்டு அம்மா ஒவ்வொரு குச்சியாகத் தரையில் தட்டி, திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் அடுப்பில் வைப்பார். பேசிக்கொண்டே செய்வார், கை தானாகச் செய்யும், நம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. ஐந்நூறு வருடப் பழக்கம் என்பது பார்க்க அவ்வளவுதான் இருக்கும்.

இன்னொரு நியமம் நீலத்துணி உடுத்தக் கூடாது என்பது. நீலச் சாயத்துக்கு அவுரிச் செடியை வண்டி வண்டியாக வெட்ட வேண்டும், அதனால்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. எங்கள் சைட் யூனிஃபார்ம் கருநீலம். முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா என் சட்டையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மோர் கொடுத்தார். அடுத்த தடவை நானே வெள்ளைச் சட்டையில் போனேன்.

இறந்தவர்களை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். ஒரு பிணத்துக்கு எவ்வளவு விறகு வேண்டும் என்று நமக்கும் தெரியும்.

1730இல் கேஜர்லி கிராமத்தில் நடந்ததை யூடியூபில் நூறு பேர் பின்னணி இசையோடு சொல்லிவிட்டார்கள், அதனால் வேகமாகக் கடக்கிறேன். ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு தேவைப்பட்டது. ஆட்கள் கேஜ்ரியை வெட்ட வந்தார்கள். அம்ருதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டார், வெட்டினார்கள். அவருடைய மூன்று பெண்களையும் வெட்டினார்கள். மொத்தம் 363 பேர். தலை போய் மரம் நின்றால் அதுவும் மலிவுதான் என்பது அவர் சொன்னதாக வழங்கும் வாக்கு. ஜோத்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், மாலுக்குப் போவதைவிட நல்லது.

1998இல் ஒரு இந்தி நடிகர் மேல் வெளிமான் வேட்டை வழக்கு வந்ததே, நினைவிருக்கும். ராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஜீப்பை விரட்டிப் போனவர்கள் காங்காணி கிராமத்துப் பிஷ்னோய்கள்தான். சாட்சி சொல்ல இருபது வருடம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார்கள். 2018இல் கீழ்க்கோர்ட் ஐந்து வருடத் தண்டனை கொடுத்தது. நம் ஊரில் பக்கத்து வீட்டுத் திருட்டுக்குச் சாட்சி சொல்லவே நாம் எவ்வளவு யோசிப்போம்.

மான்குட்டிக்குப் பெண்கள் தாய்ப்பால் கொடுக்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்படிக் கொடுத்தவர்கள் உண்டு, நான் நேரில் பார்த்ததில்லை. நான் பார்த்தது, காகாவின் மருமகள் ஆட்டுப்பாலைப் பீர் பாட்டிலில் ஊற்றி, நிப்பிள் மாட்டி, தாய் செத்த சிங்காராக் குட்டிக்குக் கொடுத்தது. பாட்டில் எங்கள் லேபர் கேம்ப் குப்பையிலிருந்து வந்தது. அந்தக் குட்டி வளர்ந்து ஒருநாள் போய்விட்டது. போனதற்கு யாரும் அழவில்லை, கட்டிப்போடவும் இல்லை. எப்போதாவது மூன்று நாலு மான்களோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும், அதே குட்டிதான் என்று மருமகள் அடித்துச் சொல்வார். எனக்கு எல்லா மானும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

அவர்களைச் சாமியாக்கி ஃபோட்டோ மாட்டிவிடாதீர்கள். மாடு மாதிரி பெரிதாக இருக்கும் நீல்காய் மான் கூட்டம் வந்து ஒரே ராத்திரியில் பயிரை மேய்ந்துவிட்டுப் போனால் காகா திட்டுகிற திட்டை என்னால் எழுத முடியாது. திட்டுவார், அடிக்க மாட்டார். அதேபோல் நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தவர்களில் பிஷ்னோய்களும் உண்டு. மழையை நம்பிக் கம்பு போடுவதைவிட ஏக்கருக்கு வருடா வருடம் நிச்சயமாக வரும் பணம் பெரிதுதான், அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரே வீட்டில் அண்ணன் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட, தம்பி மரம் வெட்டக் கூடாது என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே தட்டில் ரொட்டி சாப்பிட்டார்கள்.

மரம் எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்தப் பில்லில் கையெழுத்து போடப்போவது நீங்கள். பி.ஓ.கியூ.வில், அதாவது வேலை அளவுப் பட்டியலில், 'ஜங்கிள் கட்டிங்' என்று ஒரு ஐட்டம் இருக்கும். பாலைவனத்தில் ஏது ஜங்கிள் என்று சிரிப்போம். சதுர மீட்டர் கணக்கில் ரேட் போட்டிருக்கும், மரத்தின் எண்ணிக்கைக்கு இடமே இருக்காது. சப் கான்ட்ராக்டர் ராத்திரி ஜேசிபியோடு வருவான். காலையில் போனால் சமமான மணல், ஓர் ஓரத்தில் புதிதாக மூடிய பள்ளம். அனுமதி இல்லாமல் கேஜ்ரியை வெட்டினால் குத்தகைச் சட்டப்படி அபராதம் வெகு காலமாக நூறு ரூபாய். பிகானேர் பக்கம் மாதக்கணக்கில் தர்ணாவில் உட்கார்ந்தவர்கள் தனிச்சட்டம் கேட்டதற்கு அந்த நூறு ரூபாய்தான் காரணம். ஜோத்பூரில் நல்ல சாப்பாடு ஒன்று அதைவிட அதிகம்.

நான் கையெழுத்து போட்ட ஷீட்டில் எத்தனை கேஜ்ரி இருந்தன என்று எனக்குத் தெரியாது. எண்ணவில்லை. அதுதான் என் தப்பு.

இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம் குளிர்காலம், ஜனவரி. விடியற்காலை ஐந்தரை மணி, பனி மூட்டம். எங்கள் பிளாக்கின் வடகிழக்கு மூலையில் செயின் லிங்க் வேலி இரண்டு பக்கமும் சந்திக்கிற இடத்தில் நாய்கள் குரைக்கும் சத்தம். டார்ச்சோடு ஓடினேன். ஒரு பெட்டைச் சிங்காரா. வெட்டவெளியில் ஓடவிட்டால் எந்த நாயாலும் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் எப்போதும் போகிற தடத்தில் புதிதாக வேலி வந்திருந்தது, பனியில் அது தெரியவில்லை. மோதி விழுந்து, எழுந்து, மறுபடி மோதியிருக்கிறது. கம்பியில் ரோமம் ஒட்டியிருந்தது. நாய்களை விரட்டினேன். மான் படுத்திருந்தது, விலா வேகமாக ஏறி இறங்கியது, மூக்கிலிருந்து வந்த மூச்சு புகை மாதிரி தெரிந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

யார் சொன்னார்களோ, இருபது நிமிடத்தில் காகாவின் பேரன் பைக்கில் வந்துவிட்டான். பின்னால் காகா. மடியில் தலையை வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணிக்குள் முடிந்துவிட்டது. காகா தலைப்பாகையை அவிழ்த்தார். ஏழெட்டு கஜம் வெள்ளைத் துணி. அதில் சுற்றி, கேஜ்ரி அடியில் குழி வெட்டி, மனிதரைப் புதைப்பது போலவே புதைத்தார்கள். தலைப்பாகை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். தலை முழுக்க வழுக்கை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிளம்பும்போது காகா ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த நாய்ங்களுக்கு யாரு சோறு போடறது?"

டைகர், ராஜா. பெயர் வைத்ததே நாங்கள். மெஸ்ஸில் மிஞ்சியதை வெளியில் கொட்டுவோம், இரண்டாக வந்தது ஆறு மாதத்தில் பதினான்கானது. முந்தின ராத்திரி சாம்பார் சாதம் வைத்தது நான். நாய்களை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "நாயை அடிக்காதே. நாய் நாயா இருக்குது. குப்பையை மூடு" என்றார்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், துப்பாக்கியோடு வருகிறவனை எதிர்க்க அவர்களுக்குத் தெரியும், பரம்பரைப் பழக்கம் இருக்கிறது. பிளான் ஷீட்டோடும் சாம்பார் சாதத்தோடும் வருகிற நம்மை என்ன செய்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. நாமும் கெட்டவர்கள் இல்லை பாருங்கள்.

ஜெய்சல்மேர் பக்கம் போஸ்டிங் கிடைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே மானைவிடப் பெரிய கவலை கோடாவண். நம் புத்தகத்தில் கானமயில். உலகத்தில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு, அதில் பெரும்பகுதி அங்கேதான். கனமான பறவை, கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது, கம்பியைப் பார்த்துத் திரும்புவதற்குள் மோதிவிடும். வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும் என்பதால் ஒன்று செத்தால் அதை ஈடுகட்ட வருடங்கள் ஆகும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் வாழிடங்களில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. முடியாது, செலவு தாங்காது என்று அரசு கோர்ட்டுக்குப் போனது, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தார்கள். பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது மக்களின் உரிமை என்று சொன்ன தீர்ப்பும் அதுவேதான். ஒரே தீர்ப்பில் நம் தொழிலுக்கும் நியாயம் இருக்கிறது, அந்தப் பறவையின் உயிரும் இருக்கிறது. கோர்ட்டுக்கே தர்மசங்கடம் என்றால் சைட் என்ஜினீயர் எம்மாத்திரம்.

ஆனால் அந்தக் கம்பிகளுக்கு அடியில் நடந்துபோய்ச் செத்த பறவைகளைப் பார்த்துப் பார்த்துக் கணக்கெடுத்த ஒருவர் இருந்தார். தோலியா கிராமத்து ராதேஷ்யாம் பிஷ்னோய். கோடையில் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து விலங்குகளுக்குத் தொட்டிகளை நிரப்பினார், அடிபட்ட மானையும் கழுகையும் காப்பாற்றினார், கோடாவண் எங்கே மேய்கிறது எங்கே முட்டையிட்டிருக்கிறது என்று வனத்துறைக்கே தகவல் சொன்னார். 2025 மே மாதம், ஓர் இரவில், வேட்டைக்காரர்கள் நடமாட்டம் என்று கேள்விப்பட்டுக் கிளம்பியவர் லாட்டி அருகே சாலை விபத்தில் இறந்தார். கூட இருந்த மூன்று பேரும், அதில் ஒருவர் வனக்காவலர். ராதேஷ்யாமுக்கு வயது 28. உங்களில் பலருக்கு அதே வயதுதான் இருக்கும்.

லைன் வேலைக்குப் போகிறவர்கள், பறவைக்குக் கம்பி தெரிவதற்காக அதில் மாட்டும் பேர்டு டைவர்ட்டரைக் கணக்குக்கு மாட்டாமல், காற்றில் சுழல்கிறதா, ஆறு மாதத்தில் கழன்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தாலே பெரிய காரியம்.

'ஓரண்' என்ற சொல்லையும் கற்றுக்கொண்டு போங்கள். கோயில் காடு. நம் ஊர் ஐயனார் தோப்பு, சாமி காடு மாதிரி. வெட்ட மாட்டார்கள், உழ மாட்டார்கள், ஆடு மாடு ஒட்டகம் மேயும். வருவாய்ப் பதிவேட்டில் பல ஓரண்கள் தரிசு என்றே கிடக்கின்றன, அதனால் நம் கம்பெனி வரைபடத்திலும் தரிசு என்றே வரும். 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் ஓரண்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வரைபடமாக்கி, காடாக வகைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. எந்த வழக்கில் தெரியுமா? கோதவர்மன் வழக்கில். நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரம் வெட்டுகிறார்கள் என்று 1995இல் போட்ட வழக்கு. கூடலூர் மரத்துக்காக ஆரம்பித்தது முப்பது வருடம் கழித்து ஜெய்சல்மேர் கேஜ்ரிக்கு நிழல் கொடுக்கிறது. சைட்டில் யாராவது "இதெல்லாம் ராஜஸ்தான்காரன் பிரச்சினை, நமக்கெதற்கு" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஜூனியர் என்ஜினீயர், ப்ரொபேஷன் வேறு. எனக்குத் தெரிந்த வரையில் இந்த வேலையில் மரத்தின் தலையெழுத்து டெல்லியில் முடிவாவதைவிட, லேஅவுட்டுக்கு முந்தைய சர்வேயில்தான் அதிகம் முடிவாகிறது. ஷீட்டில் இல்லாத மரம் டிசைன் செய்கிறவனுக்கு இல்லாத மரம். ஜிபிஎஸ் புள்ளி வைத்து ஒவ்வொரு கேஜ்ரியையும் எண்ணோடு ஏற்றிவிட்டால், அடுத்து வெட்டுகிறவன் ஒரு எண்ணை வெட்ட வேண்டியிருக்கும், அது கேள்வி கேட்கும். மூன்றாவது சைட்டில் நான் அப்படிச் செய்தேன். நடு பிளாக்கில் இருந்தவை போய்விட்டன, பொய் சொல்ல மாட்டேன். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதோடு வரிசையாக இணைத்த ஸ்டிரிங்கே படுத்துவிடும், அதற்கு மேல் வாதாட முடியவில்லை. பெயர்த்து நடலாம் என்றார்கள், ஆணிவேர் அவ்வளவு ஆழம் போன கிழட்டு மரத்தைப் பெயர்த்து நட்டால் அது ஃபோட்டோவில்தான் உயிரோடு இருக்கும். ஆனால் ஓரத்தில் இருந்த பத்தொன்பது மரம் நின்றது. உள்சாலையைப் பதினைந்து மீட்டர் தள்ளிப்போட்டதும் கேபிள் ட்ரெஞ்ச்சை வளைத்ததும்தான் மொத்தச் செலவு. மேனேஜர் கவனிக்கக்கூட இல்லை.

வேலியும் அப்படித்தான். பிளாக்குக்குப் பிளாக் இடைவெளி விட்டால் மான் போகத் தடம் கிடைக்கும். மொத்த நிலத்தையும் ஒரே வேலியில் வளைப்பது செக்யூரிட்டிக்காரருக்கு வசதி, அவ்வளவுதான். பலோதி பக்கத்துப் பட்லா சோலார் பூங்கா மட்டுமே பதினாலாயிரம் ஏக்கர், 2,245 மெகாவாட். அந்த அளவில் கண்ணாடியையும் கம்பியையும் பரப்பிவிட்டு மானைச் சுற்றிப் போ என்றால் அது எங்கே போகும்? மூலைகளைக் கூர்மையாக முடிக்காதீர்கள், வளைத்து முடியுங்கள், நாய் துரத்தினாலும் மான் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இது எந்தக் கோட் புக்கிலும் இல்லை, காகா சொன்னது.

கடைசியாகத் தண்ணீர். கால்நடைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் ஊர் ஓரத்தில் கட்டியிருக்கும் தாழ்வான தொட்டிக்குக் 'கேளி' என்று பெயர். சிங்காரா பல நாள் குடிக்காமலே இலையிலும் பனியிலும் சமாளிக்கும், ஆனால் ஜேட் மாதம், அதாவது நம் வைகாசி ஆனியில், அதுவும் வந்து நிற்கும். எங்கள் வேலி வந்தபோது பழைய கேளி உள்ளே மாட்டிக்கொண்டது. காகா ஆறு வருடத்தில் என்னிடம் கேட்ட ஒரே உதவி, வேலிக்கு வெளியே ஒரு கேளி. பேனல் கழுவ வருகிற டேங்கரில் தினம் கொஞ்சம் அதில் விட வேண்டும். மேலே கேட்டேன். அதற்கு பட்ஜெட் ஹெட் இல்லை என்று பதில் வந்தது. மெயிலில் வந்தது, இன்னும் வைத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த கான்கிரீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் கட்டினோம். திண்டிவனத்துப் பையன் ஒருவன் கொத்தனார் மகன், அவன்தான் மட்டம் பார்த்தான். முதலில் இரண்டடி உயரத்துக்குக் கட்டிவிட்டோம். காகா வந்து பார்த்து, குட்டி எப்படிக் குடிக்கும் என்றார், ஒரு பக்கத்தை உடைத்துச் சரிவாகக் கட்டினோம். டேங்கர் டிரைவர் தினமும் பைப்பை இரண்டு நிமிடம் அங்கே திறந்துவிட்டுப் போவார். லாக் புக்கில் 'லீக்கேஜ்' என்று எழுதிக்கொள்வார்.

நான் கிளம்பி வந்துவிட்டேன், அந்த டிரைவரும் இப்போது வேறு சைட்டில் இருக்கிறார் என்று கேள்வி. உங்களில் யாருக்காவது பலோதியிலிருந்து வடக்கே போகிற சைட் கிடைத்தால், வடகிழக்கு மூலையில் ஒரு பக்கம் சரிந்த ஒரு தொட்டி இருக்கும். அதில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். காகா இருந்தால் "நிவண் பிரணாம்" என்று சொல்லுங்கள், அவர்கள் வணக்கம் அதுதான். தமிழ்க்காரன் அனுப்பினான் என்றால் போதும். சர்வே ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள், ஆனால் அந்தக் கட்டத்தை மட்டும் அவரோடு நடந்துவிட்டு வந்து நிரப்புங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் நல்லது.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அங்கே போய்வந்த
ஒரு விருத்தாசலத்து அண்ணன்